பதினொன்று ஐம்பதுக்கு வெளியே வந்தவர்கள்

1

அன்று டாங்கிக்குள் இருந்தவர்கள்:

ராம்பிரசாத். கோரக்பூர் பக்கம். மேஸ்திரி.

பிஷ்ணு. நேபாளம். சாரம் கட்டுபவர்.

அன்வர். டாக்காவுக்குத் தெற்கே ஒரு கிராமம். பைப் எடுத்துக் கொடுப்பவர்.

செல்வராஜ். தூத்துக்குடிக்காரர், அம்பர்நாத்தில் குடியிருப்பவர். சாரம் கட்டுபவர்.

காஜா மைதீன். நம் ஊர், பள்ளிவாசல் தெரு. தாராவியில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சாரம் கட்டுபவர்.

டாங்கியின் வாசலில் இருந்தவன் நான். சண்முகவேல். நம் ஊர், கீழத் தெரு.

நடந்து பதினொரு வருடம் ஆகிறது. மும்பையில் இருக்கும் நம் ஊர்ச் சங்கம் இந்த வருட மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டது. சங்கச் செயலாளர் செம்பூருக்கு நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார்.

"அண்ணாச்சி, கல்ஃபுல ஆயில் கம்பெனிக்கு வேலைக்குப் போறது எப்படின்னு நம்ம பயலுவளுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க அஞ்சு வருசம் கிடந்த ஆளு. ஊர்லயும் எல்லாரும் படிப்பாவ."

"நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன்."

"அதனாலதான் கேக்கேன். படிச்சவன் எழுதுனா ஒருத்தனுக்கும் புரியாது."

சரி என்றேன். இரண்டு மாதம் எழுதவில்லை. நடந்த அன்று டாங்கி வாசலில் உட்கார்ந்து ஒரு தாளில் ஒன்று எழுதினேன். அதைத் திருத்தாமல் வேறு எதுவும் எழுத வரவில்லை.

2

கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் மும்பையில்தான். ஏஜென்ட் ஆபீஸ் எது என்று தேட வேண்டாம். ஒரு கட்டடத்தின் மாடிப்படி முழுக்கப் பிளாஸ்டிக் உறையோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தால் மேலே ஏஜென்ட் இருக்கிறார். உறைக்குள் பாஸ்போர்ட், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ, சர்டிபிகேட் இருந்தால் அதுதான் இடம். பத்தாவது படிக்காதவன் என்றால் அவன் பாஸ்போர்ட்டுக்கு அரசாங்கத்திடம் தனியாக ஒரு அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பல நாள் ஆகும். அவசரப்படக் கூடாது. விசாத் தாளில் என்ன வேலை போட்டிருக்கிறது என்று நாலு எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடவும்.

கைத்தொழில் தெரிந்தவனுக்குப் பரீட்சை உண்டு. வெல்டர் பைப்பை ஒட்டிக் காட்ட வேண்டும். சாரம் கட்டுபவன் இரும்புப் பைப்பும் கிளாம்பும் வைத்து நாலு கால் கோபுரம் ஒன்றைக் கட்டிப் பிரிக்க வேண்டும். ஒரு தொழிலும் தெரியாதவன் ஹெல்பர்.

எனக்குத் தொழில் தெரியாது. தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் இருந்தேன். அட்டைப் பெட்டிகளின் மேல் விலாசம் எழுதுவது என் வேலை. இங்கிலீஷில் ஒரு வாக்கியம் படிக்க வராது. ஆனால் இருபத்தாறு எழுத்தையும் பார்த்து அழகாக எழுதுவேன்.

நேர்காணலில் ஒருவர் காகிதத்தைத் தள்ளினார். என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். மேசையில் இருந்த அவர் பெயரைப் பார்த்து எழுதச் சொன்னார். எழுதினேன்.

"கடிகாரம் பார்க்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தூங்குவியா?"

"ராத்திரி மட்டும் சார்."

சிரித்துவிட்டு என் தாளின் ஓரத்தில் இரண்டு சொல் எழுதினார். ஹோல் வாட்ச். மாடிப்படியில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டேன். "ஓட்டைக்குக் காவல்" என்றார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சிரித்தாள். "ஓட்டைக்கு எதுக்குக் காவலு? யாரு களவாண்டுட்டுப் போயிருவா?"

தெரு முழுக்க அது பரவிவிட்டது. என்னைப் பார்த்தால் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். காஜாதான் அதிகம் கேட்டான்.

காஜா மாதுங்காவில் பழைய கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்க மூங்கில் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். நான் கல்ஃப் போன மூன்றாம் வருடம் லீவில் வந்தபோது, நானும் வருகிறேன் என்றான். செம்பூரில் ஒரு யார்டில் பைப் சாரம் பழகினான். ஒரு வாரத்தில் பழகிவிட்டான். ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. கிளாம்பை முறுக்கி முடித்த பிறகும் ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து மேலே ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவான். பரீட்சையிலும் போட்டான்.

"கயிறு எதற்கு?" என்று கேட்டார்கள்.

"கைப்பழக்கம் சார். கயிறு போடாட்டா எறங்க மனசு வராது."

தேர்வாகிவிட்டான். கிளம்பும் நாளில் அவன் மனைவி ஆமினா என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அவுகள உங்க கூடத்தான் அனுப்புதேன்." அப்போது அவர்கள் மகள் நஸ்ரினுக்கு எட்டு வயது.

3

ஹோல் வாட்ச் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்கு.

எண்ணெய் டாங்கி நம் ஊர் ரைஸ் மில்லை விடப் பெரியது. அடியில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். ஆள் குனிந்து நுழையலாம். கழுவவும் பழுது பார்க்கவும் டாங்கியைக் காலி செய்து உள்ளே ஆள் அனுப்புவார்கள். உள்ளே இருட்டு. தரையில் எண்ணெய்க் கசடு. அதிலிருந்து கெட்ட காற்று வந்துகொண்டே இருக்கும். வெளியே ஒரு ப்ளோயர் ஓடி நல்ல காற்றை உள்ளே அனுப்பும். அது நின்றால் உள்ளே இருப்பவன் சில நிமிடம்தான்.

வாசலில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் ஹோல் வாட்ச். யார் உள்ளே போகிறார், எத்தனை மணிக்கு, யார் வெளியே வருகிறார், எத்தனை மணிக்கு. எழுத வேண்டியது அவ்வளவுதான். உள்ளே போகிறவர் தன் டேக்கை, அதாவது போட்டோ ஒட்டிய அட்டையை, வாசலில் பலகையில் ஆணியில் மாட்ட வேண்டும். வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். என்ன நடந்தாலும் ஹோல் வாட்ச் உள்ளே போகக் கூடாது.

எங்கள் சைட்டில் மதியச் சாப்பாடு பொட்டலமாக வரும். டேக்கைக் காட்டினால்தான் பொட்டலம். வரிசை நீளம். வெயில் சொல்ல முடியாது. பிந்திப் போனால் ஷெட்டில் நிழல் கிடைக்காது, குழம்பும் தீர்ந்திருக்கும். அதனால் எல்லா கும்பலும் ஒரு வழக்கம் வைத்திருந்தது. ஒருவன் ஐந்து நிமிடம் முன்னால் வெளியே வந்து, எல்லார் டேக்கையும் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டு வரிசைக்கு ஓடுவான். மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள்.

எங்கள் கும்பலுக்கு ஓடுகிறவர் செல்வராஜ். என் டேக்கையும் வாங்கிக்கொண்டு போவார். எனக்கும் பொட்டலம் வந்துவிடும். அந்த உபகாரத்துக்கு நான் செய்தது இது: டேக் போனதும் ஐந்து பேருக்கும் சேர்த்து வெளியே வந்த நேரம் எழுதிவிடுவேன். ஆரம்பத்தில் எழுதிவிட்டு ஐந்து பேரும் வருகிற வரை பார்த்திருந்தேன். பிறகு பார்க்கவில்லை. தினமும் வந்துகொண்டுதானே இருந்தார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் டேக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

4

இப்போது செம்பூரில் ஒரு பெரிய குடியிருப்பில் கேட்டில் காவலுக்கு இருக்கிறேன். வருகிறவர் பெயர், வந்த நேரம், போன நேரம். எல்லாம் போன் ஆப்பில் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பார்சல் கொண்டு வருகிறவன் திரும்பும்போது ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். "க்யா அங்கிள், பார்டரா இது?" என்பார்கள். பரவாயில்லை.

மூன்று மாதமாகக் கட்டடத்துக்குப் பழுது பார்க்கிறார்கள். சுற்றி மூங்கில் சாரம், பச்சை வலை. சாயங்காலம் ஆறு மணிக்கு என் ஷிஃப்ட் முடியும். சாரத்திலிருந்து கடைசி ஆள் இறங்குகிற வரை நான் போவதில்லை. காலையில் எட்டுப் பேர் ஏறினால் எட்டுப் பேர் இறங்க வேண்டும். சில நாள் எட்டும் இறங்கிய பிறகும் மேல் தட்டில் வலைக்குப் பின்னால் ஒருவன் முதுகு தெரியும். குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு வலை மட்டும்தான் இருக்கும்.

வீட்டிலும் இப்படித்தான். என் மகன் கல்யாணில் குடியிருக்கிறான். பிள்ளைகளோடு வந்தால், போகும்போது வாசலில் நின்று எண்ணுவேன். "வீட்டுக்குள்ளயும் ரிஜிஸ்டர் வச்சிருக்கியளா?" என்பாள் மனைவி. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதையும் அவர்கள் படிக்கப்போவதில்லை.

செயலாளர் வந்து போன மறு ஞாயிறு ஆமினாவும் நஸ்ரினும் கேட்டுக்கு வந்தார்கள். நஸ்ரினுக்கு இப்போது இருபத்தொன்று. வாஷியில் சேஃப்டி ஆபீசர் டிப்ளமோ முடித்திருக்கிறாள். ஆமினா வந்த வேகத்திலேயே சொன்னாள்.

"அண்ணே, இவளுக்கு நீங்க புத்தி சொல்லுங்க. கல்ஃபுல ரிஃபைனரியில வேலைக்கு இன்டர்வியூவாம். எல்லாரு வீட்டுலயும் பொம்பளப்புள்ள டீச்சராவணும் நர்ஸாவணும்னு சொல்லும். இது டாங்கிக்குள்ள பாக்கப் போவணும்ங்கு. அவுக வாப்பா போன எடத்துக்கே போவணுமாம்."

"உம்மா, அந்த எடம் இல்ல. வேற கன்ட்ரி."

"எல்லாம் ஒரே மண்ணுதாம்ளா. சும்மா இரி."

நஸ்ரின் சிரித்தாள். அப்படியே காஜாவின் சிரிப்பு. பையைத் திறந்து ஒரு பழைய கவரை எடுத்தாள். கம்பெனி அனுப்பிய விசாரணை ரிப்போர்ட். ஆமினாவின் பெட்டியில் இத்தனை வருடம் கிடந்தது.

"மாமா, இத இப்பதான் ஃபுல்லாப் படிச்சேன். பெஹ்லே சின்னதா இருக்கும்போது இங்கிலீஷ் அவ்ளோ வராதுல்ல. லாக் ஷீட்ல பதினொன்னு ஐம்பதுக்கு அஞ்சு பேரும் அவுட். வாப்பா அதுக்கப்புறம் பெர்மிஷன் இல்லாம அவரா திரும்பி உள்ள போனதா எழுதியிருக்கு. இந்த போட்டோவப் பாருங்க."

பார்த்தேன். ஷெட்டின் மேசை. மேசையில் ஒரு பொட்டலம். பொட்டலத்தின் மேல் காஜாவின் டேக்.

"வாப்பா வெளிய வந்து, ஷெட்டுக்குப் போயி, பார்சல் வாங்கி வச்சிட்டு, பிரிக்காமத் திரும்பி வந்தாரா? வந்தா டேக்க ஏன் மறுபடி மாட்டல? ஹமாரா டீச்சர் சொல்வார், டேக்கும் ஆளும் தனித்தனியா இருந்தா பேப்பர நம்பாதேன்னு. நீங்கதானே மாமா வாசல்ல இருந்தீங்க?"

ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய் கேட்டைத் திறந்தேன். நம்பரை எழுதினேன். திரும்பி வந்து, "டூட்டி டைம்மா, பொறகு பேசலாம்" என்றேன்.

ஆமினா சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது மகளுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள்.

"அவ தோண்டுதா அண்ணே. அவுக ஏன் போனாகன்னு எனக்குத் தெரியும். மொத நாளு போன்ல சண்ட. கான்ட்ராக்ட முறிச்சிட்டு வாரேன்னாக. வீட்டு டெபாசிட் கட்டணும், வராதீங்க, அங்கயே கிடங்கன்னு சொல்லிட்டேன். மறுநாளு அவுகளாப் போயி இப்படி. அது அவளுக்குத் தெரிய வேண்டாம். நீங்க அவளப் போவ வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க."

பதினொரு வருடமாக அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரிலும் சிலர் அவன் உயிரை விடத்தான் போனான் என்று பேசியது எனக்குத் தெரியும். அவளும் அப்படி நினைப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

5

அன்று காலை ஏழே காலுக்கு ஐந்து பேரும் உள்ளே போனார்கள். காஜா கடைசி. டேக்கைக் கடைசி ஆணியில் மாட்டிவிட்டு, தினமும் சொல்வதைச் சொன்னான்.

"வாசலப் பாத்துக்கண்ணே. யாரும் களவாண்டுட்டுப் போயிராம."

பதினொன்று நாற்பத்தைந்துக்குச் செல்வராஜ் வந்தார். ஐந்து டேக்கையும் கழற்றினார். என் டேக்கையும் வாங்கினார். ஓடினார். நான் ஐந்து பேருக்கும் பதினொன்று ஐம்பது என்று எழுதினேன். பிறகு ராம்பிரசாத், பிஷ்ணு, அன்வர் வந்தார்கள். அதை நான் பிறகு யோசித்துத்தான் சொல்கிறேன். அப்போது முதுகுகளைப் பார்த்தேன். எத்தனை முதுகு என்று பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தேன். ஆணி ஐந்தும் காலி. என் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தேன்.

ப்ளோயர்க்காரன் வந்தான். டீசல் போட வேண்டும். இந்தியில் கேட்டான், உள்ளே யாராவது உண்டா என்று.

"காலி" என்றேன்.

நிறுத்தினான். சத்தம் நின்றது. நான் ஷெட்டுக்கு நடந்தேன்.

பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டேன். சோறு, பருப்பு, முட்டை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் மேசையில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. இது யாருடையது என்று அன்வர்தான் கேட்டான்.

"யே கிஸ்கா ஹை?"

பொட்டலத்தின் மேல் டேக் கவிழ்ந்து கிடந்தது. செல்வராஜ் அதைத் திருப்பினார். திருப்பிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஓடினோம். வாசலில் நின்று கூப்பிட்டேன். கத்தினேன். உள்ளே போகக் குனிந்தேன். ராம்பிரசாத் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். முகமூடி போட்ட ஆட்கள் வரும் வரை அந்த ஓட்டைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். என் நாற்காலியில்தான்.

வாசலிலிருந்து பத்து எட்டு வைக்கும் தூரத்தில் கிடந்தான். வாசல் பக்கம் முகம். உயிர் இல்லை.

6

அன்று ராத்திரி, நாங்கள் தங்கும் கேம்ப்பில் செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, காஜாதான் மேல இருந்து சொன்னான். ஒரு கிளாம்பு சிக்கிட்டு, பைப் தொங்குது, யாரு தலையிலயாவது விழும், கட்டிட்டு வாரேன், டேக்க எடுத்துட்டுப் போன்னான். நான் எடுத்தேன்னு சொல்லிராதிய. ரெண்டு பொட்டப்புள்ள எனக்கு. உள்ள போட்டுருவானுவ."

மறுநாள் விசாரணைக்குக் கம்பெனியின் ஏசி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதை ஒருவர் இந்தியில் சொன்னார். மேசையில் என் தாள் இருந்தது. என் எழுத்துதான். அழகாக இருந்தது.

"இந்த ஐந்து பேரும் வெளியே வந்ததைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"இவர் எப்போது திரும்பி உள்ளே போனார்?"

"தெரியாது. நான் கை கழுவப் போயிருந்தேன்."

கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். காஜாவை அங்கேயே அடக்கம் செய்தார்கள். அதற்கு ஒன்பது பேர் போனோம்.

இரண்டு மாதத்தில் தாராவி திரும்பினேன். ஆமினா கணவனுக்கான துக்க காலத்தில், இத்தாவில் இருந்தாள். அந்த நாலு மாதம் பத்து நாளும் வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது. வாசலில் திரைக்கு வெளியே நின்று காஜாவின் பையைக் கொடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"அண்ணே, கடைசி ரெண்டு நாளும் அவுக சரியாப் பேசுனாகளா?"

"நல்லாத்தாம்மா இருந்தான்."

முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. திரை இருந்தது நல்லது என்று அன்று நினைத்தேன். அதன் பிறகு நான் கல்ஃப் போகவில்லை.

7

நஸ்ரின் வந்து போன அடுத்த வாரம் அம்பர்நாத் போனேன். செல்வராஜ் அங்கே ஒரு கெமிக்கல் பாக்டரியில் இருக்கிறார். பாக்டரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று பேசினோம். சொல்லப்போகிறேன் என்றேன். எழுதவும் போகிறேன் என்றேன். டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"எம்பேரும் வருமா?"

"வராம எழுத முடியாது. வேண்டாம்னா எழுதவே இல்ல. ஆனா ஆமினாட்ட சொல்லத்தான் செய்வேன்."

"புள்ளைக ரெண்டும் கெட்டிக் குடுத்தாச்சு. எழுதுங்க." டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "பொட்டலத்துக்காகத்தான் எடுத்தேன்னு எழுதுங்கண்ணே. வேற எதுக்கும் இல்ல" என்றார்.

பொட்டலத்துக்காகத்தான் எடுத்தார். எழுதிவிட்டேன்.

அன்று மாலையே ஆமினா வீட்டுக்குப் போனேன். நஸ்ரின் அடுப்படியில் இருந்தாள். கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். டேக், பொட்டலம், ப்ளோயர், ஏசி அறை. வரிசையாகச் சொன்னேன். இதில் எழுதியதை விடக் குறைவாகத்தான் சொன்னேன். ஆமினா எல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

"அப்போ அவுக திரும்பி உள்ள போகலயா?"

"போகலம்மா. வெளிய வரவே இல்ல."

"அவுகளாப் போகல?"

"போகல. மேல அந்தப் பைப்பப் பொறகு பாத்தாவ. கிளாம்பு மாட்டி, மேல கயிறும் சுத்தி முடிச்சுப் போட்டிருந்துச்சு. வேலய முடிச்சிட்டு எறங்கி வந்துக்கிட்டுத்தான் இருந்தான். வாசலுக்குப் பத்து எட்டு."

"நான் சொன்னதுக்காக இல்ல."

"இல்ல."

நஸ்ரின் அம்மாவைப் பார்த்தாள். "நீ என்ன சொன்ன உம்மா?"

ஆமினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு முந்தானையை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பதினோரு பெருநாளும் உங்களுக்குச் சோறு குடுத்து அனுப்பிச்சேன் அண்ணே. என் வீட்டுக்காரக கூட இருந்தவுகன்னு. வாங்கித் தின்னீங்களே."

"தின்னேன்."

"காஜா பொஞ்சாதி கையால ஆக்குன சோறு. தொண்டையில எறங்குச்சா?"

"எறங்குச்சு."

பொய் சொல்லவில்லை. இறங்கத்தான் செய்தது. பெருநாளுக்குப் பெருநாள் எதிர்பார்த்துக்கூட இருந்திருக்கிறேன்.

"எந்திரிச்சுப் போங்க" என்றாள்.

எழுந்து வந்தேன். சந்து திரும்பும் இடத்தில் நஸ்ரின் பின்னாலேயே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கையில் அவளுடைய பைல்.

"மாமா, நீங்க அந்த மலருக்கு எழுதுறீங்கன்னு மாமி சொன்னாங்க. ஊர்ல வாப்பா தெருவுல படிப்பாங்களா?"

"படிப்பாவ."

"ஊர்ல பெரிய வாப்பா இன்னும் வாப்பா பேர எடுக்க மாட்டாரு. எனக்கு இப்பதான் ஏன்னு புரியுது." பைலிலிருந்து ஒரு தாளை உருவினாள். நான் எழுதிய அதே மாதிரித் தாள். பெயர், உள்ளே, வெளியே. கட்டங்கள் காலி. பாடத்துக்குக் கொடுத்ததாம். "இதுல எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க. நான் யாரையாவது படிக்கச் சொல்லிக்குறேன்."

அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

நேர்காணலில் அவள் தேர்வாகிவிட்டாள். மெடிக்கல் பாக்கி இருக்கிறது. ஆமினா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். நான் புத்தி சொல்லப் போகவில்லை. இந்தப் பெருநாளுக்கு எனக்குச் சோறு வரவில்லை.

தாளை கேட்டில் வைத்து எழுதினேன். கட்டடத்துச் சாரத்திலிருந்து எட்டுப் பேரும் இறங்கிப் போன பிறகு எழுதினேன். ஒவ்வொரு பெயரையும் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதினேன். நஸ்ரினிடம் ஒன்று கொடுத்துவிட்டேன். இது ஊருக்கு.

ராம்பிரசாத். உள்ளே ஏழே கால். வெளியே பதினொன்று ஐம்பது.

பிஷ்ணு. உள்ளே ஏழே கால். வெளியே பதினொன்று ஐம்பது.

அன்வர். உள்ளே ஏழே கால். வெளியே பதினொன்று ஐம்பது.

செல்வராஜ். உள்ளே ஏழே கால். வெளியே பதினொன்று நாற்பத்தைந்து.

காஜா மைதீன். உள்ளே ஏழே கால்.

உள்ளே சென்றவர்கள் ஐந்து. வெளியே வந்தவர்கள் நான்கு.